ஒற்றைத் தட்டை முதலில் நிறுத்துங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே கரைச்சலோடு இருக்கிற மற்றவர்களும் வாசிக்கக்கூடும். ரொறன்ரோவிலிருந்து மாமா இயர்பட்ஸ் அனுப்பியிருக்கிறார். சத்தம் நல்லது. ஆனால் தலைமயிரை ஒதுக்கினால் பாட்டு நிற்கிறது, ஹெல்மெற்றைக் கழற்றினால் கோல் கட்டாகிறது, சூமில் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று உங்கள் குரல் அங்கே கேட்காமல் போகிறது. இதையெல்லாம் மாற்ற முடியுமா, இல்லாவிட்டால் பட்டன் வைத்த ஒன்றைத்தான் வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். யாழ்ப்பாண நகரத்தில் போன் திருத்தும் வேலையில் பத்து வருடத்துக்கு மேல் இருக்கிறேன், பழுது என்று என் மேசைக்கு வருகிற இயர்பட்ஸில் கனக்கப் பழுதே இல்லை, செற்றிங்ஸ்தான் அந்த ஆளுக்குப் பொருந்தாமல் இருக்கும். கட்டுப்பாடுகளை மாற்றுவது என்றால் புதிதாக வேலைகளைச் சேர்ப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நான் கண்டது மறுவளம்: தேவையில்லாததை முதலில் நிறுத்த வேண்டும், பிறகு மிஞ்சுகிற இடத்தில்தான் உங்களுக்கு வேண்டிய இரண்டு மூன்று வேலைகளை வைக்க வேண்டும். அதிலும் முதலில் போக வேண்டியது ஒற்றைத் தட்டு. ஒரு தரம் தொட்டால் பாட்டு நிற்கும், திரும்பத் தொட்டால் பாடும் என்று பல நிறுவனங்கள் வைத்து அனுப்புகிற அந்த ஒன்றுதான் முக்கால்வாசிக் கரைச்சலுக்குக் காரணம், ஏனென்றால் தற்செயலாகப் படுகிற கை எப்போதும் ஒரு தரம்தான் படும். இரண்டு தரம் ஒரே சீராகத் தட்டுப்படுவது அபூர்வம்.

இது ஏன் நடக்கிறது என்பதையும் சொல்கிறேன், அது தெரிந்தால் எதைச் சந்தேகிப்பது என்று உங்களுக்கே விளங்கும். தொடுகை வகை இயர்பட்ஸின் வெளிமுகத்துக்குக் கீழே மெல்லிய உலோகப் பரப்பு ஒன்று இருக்கிறது. விரல் கிட்ட வந்தவுடன் அதன் மின்தேக்கம், அதாவது மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கிற அளவு, கொஞ்சம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் உள்ளே இருக்கிற சிப் 'தொட்டாச்சு' என்று எடுத்துக்கொள்கிறது. போன் திரையும் இதே முறைதான். விரலை அது விரல் என்று அறிவதில்லை, மின்னைக் கடத்துகிற ஏதோ ஒன்று கிட்ட வந்திருக்கிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அதனால் காதோரம் வழிகிற வியர்வை, முழுகிவிட்டுச் சுற்றிய ஈரத்துவாய், ஈரம் காயாத மயிர்க்கற்றை, வியர்வையில் ஊறிய ஹெல்மெற்றின் உள்பஞ்சு இதெல்லாம் அதற்கு விரல்தான். காய்ந்த சால்வை தனியே பட்டால் ஒன்றும் ஆகாது, ஆனால் அந்தச் சால்வையை நீங்கள் கையால் இழுத்துச் சரிசெய்யும்போது துணிக்குப் பின்னால் விரல் இருக்கிறது, மெல்லிய துணியென்றால் அதையும் தாண்டி உணரும். சித்திரை வைகாசி வெயிலில் பின்னேரம் நாலு மணிக்கு வீதியால் போகிற ஒருவருடைய காது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். இந்தச் சாமான்களை வடிவமைத்தவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டையும் குளிரூட்டிய அறையையும் மனதில் வைத்திருப்பார்கள் போலத்தான் எனக்குப் படுகிறது.

ஆனால் அவசரப்பட்டுத் தொடுகையைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். பாட்டு தானாக நிற்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, அதைக் கன பேர் தவற விடுகிறார்கள். கொஞ்சம் விலை கூடின இயர்பட்ஸில் காதுக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற உணரி ஒன்று உட்பக்கத்தில் இருக்கும். கழற்றினால் பாட்டை நிறுத்தும், திரும்ப வைத்தால் பாட வைக்கும். அந்தச் சின்னக் கறுப்புப் புள்ளியில் எண்ணெயோ காதழுக்கோ படிந்திருந்தால், அல்லது மயிரை ஒதுக்கும்போது இயர்பட் ஒரு நூலளவு வெளியே அசைந்தால், கழற்றிவிட்டீர்கள் என்று நினைத்து நிறுத்திவிடும். தலைக்கு எண்ணெய் வைக்கிற வழக்கம் உள்ள வீடுகளில் இது சாதாரணம். கண்டுபிடிக்கிற வழி சுலபம். இயர்பட்ஸ் நிறுவனம் போனுக்குத் தருகிற செயலியில் காது கண்டறிதல் என்ற மாதிரி ஒன்று இருக்கும், அதை ஒரு நாளைக்கு நிறுத்திவைத்துப் பாருங்கள். கரைச்சல் போய்விட்டால் தொடுகையில் பிழையில்லை, காய்ந்த மெல்லிய துணியால் உட்பக்கத்தைத் துடைத்தால் போதும். போகவில்லை என்றால் தொடுகைதான்.

சரி, எங்கே மாற்றுவது. எந்த நிறுவனத்தினது என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இங்கே அதிகம் புழங்குகிறவற்றைத் தொட்டுக்கொண்டு போகிறேன். அதற்கு முன் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு விசயம்: நீங்கள் செயலியில் மாற்றுகிறவை பெரும்பாலும் போனுக்குள் இருப்பதில்லை, இயர்பட்ஸின் நினைவகத்துக்குள்ளேயே எழுதப்படுகின்றன. அதனால் ஒரு தரம் சரியாக வைத்துவிட்டால் பிறகு மடிக்கணினியோடு இணைத்தாலும் அண்ணாவின் போனோடு இணைத்தாலும் அப்படியே வேலை செய்யும். உங்கள் போனில் செயலி ஏறாவிட்டால் வேறொருவரின் போனில் ஏற்றி, மாற்றிவிட்டு, திரும்ப உங்கள் போனோடு இணைக்கலாம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் செய்து கொடுப்பதும் இதுதான். அப்பிளின் எயர்பொட்ஸ் வைத்துக்கொண்டு அன்ட்ரொயிட் பாவிக்கிறவர்கள் யாராவது ஐபோன் வைத்திருக்கிற சொந்தக்காரரிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினால் போதும். முழுதாக மீளமைத்தால் எல்லாம் பழையபடி போய்விடும், பெரிய மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகும் ஒரு தரம் பார்த்துக்கொள்வது நல்லது.

எயர்பொட்ஸ் என்றால் தனிச் செயலி கிடையாது. காதில் போட்டபடி ஐபோனின் செற்றிங்ஸைத் திறந்தால் ஐஓஎஸ் (ஐபோனின் மென்பொருள்) 16 இலிருந்து மேலேயே அதன் பெயர் தெரியும், பழையதில் புளூடூத்துக்குள் போய்ப் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற குறியைத் தொட வேண்டும். 2016 இலும் 2019 இலும் வந்த முதல் இரண்டு தலைமுறைகளிலும் இரண்டு தட்டு மட்டும்தான் உண்டு, இடதுக்கும் வலதுக்கும் வெவ்வேறு வேலை கொடுக்கலாம், ஒன்றும் வேண்டாம் என்று நிறுத்தவும் செய்யலாம். 2019 இல் வந்த எயர்பொட்ஸ் புரோவிலிருந்து, காதுக்கு வெளியே கீழே நீட்டிக்கொண்டிருக்கிற தண்டை இரண்டு விரலால் நசிக்கிற முறை. அழுத்தத்தை அளக்கிற உணரி என்பதால் மயிர் பட்டும் துணி பட்டும் தவறாக இயங்குவது குறைவு. அதில் ஒன்று, இரண்டு, மூன்று நசிப்புகளுக்கு இருக்கிற பாட்டு வேலைகளை மாற்ற முடியாது, நீளமாக நசிப்பதை மட்டும் வெளிச்சத்தத்தை அடைக்கிற, கேட்க விடுகிற கட்டுப்பாட்டுக்கோ 'சிரி' என்ற குரல் உதவியாளருக்கோ கொடுக்கலாம். கோல் எடுத்துக் கதைக்கும்போது ஒரு நசிப்பு மைக்கை மூடுவதா கோலை வைப்பதா என்பதை மட்டும் மாற்றிப்போடலாம், இது ஐஓஎஸ் 17 காலத்தில் வந்தது. 2022 இன் இரண்டாம் தலைமுறைப் புரோவில் தண்டை மேலும் கீழும் தடவினால் சத்தம் கூடிக் குறையும்.

சம்சுங்கின் கலக்ஸி பட்ஸ் உங்களுடையது என்றால் உங்கள் பிரச்சினை இரண்டு நிமிட வேலை. கலக்ஸி வெயரபிள் செயலிக்குள் தொடுகைக் கட்டுப்பாடு என்ற பக்கத்தைத் திறங்கள். முன்பு எல்லாத் தொடுகையையும் ஒன்றாக அடைக்கத்தான் முடியும். பட்ஸ்2, பட்ஸ்2 புரோ போன்றவற்றில் ஒற்றைத் தட்டு, இரட்டைத் தட்டு, மூன்று தட்டு, அழுத்திப் பிடித்தல் ஒவ்வொன்றுக்கும் தனி ஆளி இருக்கிறது, கோலுக்கு உரியவை அதற்குக் கீழே வேறாக இருக்கின்றன. ஒற்றைத் தட்டை நிறுத்திவிடுங்கள், மற்றதை இருக்க விடுங்கள். எத்தனையோ பேருக்கு இந்த ஒன்றைச் செய்து கொடுத்திருக்கிறேன், அதோடு அவர்கள் திரும்பி வரவில்லை.

சொனியில் கொஞ்சம் பொறுமை வேண்டும். முன்பு ஹெட்போன்ஸ் கனெக்ட் என்று இருந்த செயலி 2024 இலிருந்து சவுண்ட் கனெக்ட் என்ற பெயரில் இருக்கிறது, சாமான் அதேதான். 1000எக்ஸ்எம்4 போன்றவற்றில் தனித்தனித் தட்டுக்கு வேலை கொடுக்க விடமாட்டார்கள், ஒரு காதுக்குப் பாட்டுத் தொகுதி, மற்றக் காதுக்குச் சுற்றுச் சத்தத் தொகுதி, அல்லது சத்த அளவுத் தொகுதி என்று மொத்தமாகத்தான் தெரிவு செய்யலாம், அதாவது ஒற்றைத் தட்டை மட்டும் எடுக்க வழியில்லை. அப்படியானால் ஒரு காதை முழுதாக 'ஒன்றும் இல்லை' என்று வைத்துவிடுங்கள், நீங்கள் மயிரை ஒதுக்குகிற பக்கத்துக் காதை. உங்களுக்குக் கை போகிற பக்கம் எது என்று நாளைக்கு ஒரு தரம் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு எப்போதும் ஒரே பக்கம்தான். ஜேபிஎல்லின் பல இயர்பட்ஸும் இதே தொகுதி முறைதான்.

அங்கரின் சவுண்ட்கோர் வகைகளைத்தான் கட்டுப்பாட்டை மாற்றுகிற விசயத்தில் நான் தாராளமாகப் புகழுவேன். ஒவ்வொரு காதுக்கும் ஒவ்வொரு தட்டுக்கும் வேண்டியதைத் தனித்தனியாகக் கொடுக்கலாம், வேண்டாததை வெறுமையாக விடலாம். நதிங் இயர் 2 நசிக்கிற தண்டு வகை, நதிங் எக்ஸ் செயலியில் இரண்டு நசிப்பு, மூன்று நசிப்பு, நீள நசிப்பு ஆகியவற்றை மாற்றலாம். ஒப்போ, வன்பிளஸ் ஆகியவற்றுக்கு ஹேமெலடி, றியல்மிக்கு றியல்மி லிங்க். அன்ட்ரொயிட்டில் இந்தச் செயலிகள் இருப்பிட அனுமதி கேட்டால் பயப்பட வேண்டாம், அன்ட்ரொயிட் 11 வரைக்கும் புளூடூத்தால் பக்கத்துச் சாதனங்களைத் தேடுவதற்கே அந்த அனுமதி தேவைப்பட்டது. 12 இலிருந்து 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று தனி அனுமதி வந்துவிட்டது. மாற்றி முடிந்த பிறகு வேண்டுமானால் செயலியையே எடுத்துவிடலாம், வைத்தது இயர்பட்ஸுக்குள் இருக்கும். நிறுவனத்தின் செயலியே வேண்டாம் என்றால் கஜெற்பிரிட்ஜ் என்ற திறந்த மூல (நிரலை யாரும் பார்க்கக்கூடிய) செயலி கலக்ஸி பட்ஸ், சொனி, நதிங் வகைகளில் சிலவற்றைக் கையாளும், அது பிளே ஸ்டோரில் இல்லை, எஃப்-ட்ரொயிட் என்ற வேறொரு செயலிக் கடையில் கிடைக்கும்.

இப்போது எதை எதில் வைப்பது. பெட்டிக்குள் வருகிற தாளில் எட்டுப் பத்து வேலைகள் படம் போட்டிருக்கும், அதைப் பாடமாக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க, இயர்பட்ஸ் காதில் இருக்கும்போது போனை எடுத்து என்ன செய்தீர்கள் என்று மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் எழுதினதைப் பார்த்தால் உங்களுக்கு வேண்டியது நாலுதான்: கோல் எடுப்பது, பாட்டை நிறுத்துவது, அம்மா கூப்பிட்டால் வெளிச்சத்தம் கேட்க விடுவது, சில நேரம் அடுத்த பாட்டு. செயலி விட்டால் நான் இப்படி வைப்பேன்: ஒற்றைத் தட்டு இரண்டு பக்கமும் வெறுமை. இரட்டைத் தட்டு இரண்டு பக்கமும் நிறுத்து-பாடு. மூன்று தட்டு வலதில் அடுத்த பாட்டு, இடதில் வெறுமை. அழுத்திப் பிடித்தல் இரண்டு பக்கமும் வெளிச்சத்தம். கோலைப் பற்றிக் கீழே தனியே சொல்கிறேன். முக்கியமானதை இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு சமைக்கிற நேரம், மற்றது பெட்டிக்குள் இருக்கும், அந்தப் பக்கத்துக்குக் கொடுத்த வேலை அந்த நேரம் உங்களுக்கு இல்லை. கோல் வரும்போது இடதுதான் எடுக்கும், வலது எடுக்காது என்றால் கரைச்சல்.

தட்டினால் வேலை பிந்தி நடப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாம் இயங்குகிறபோது, முதல் தட்டு விழுந்ததும் இயர்பட் உடனே வேலையைச் செய்யாது, இன்னொரு தட்டு வருமா என்று ஒரு கணம் பொறுத்துப் பார்க்கும். 'தட்டினால் பிந்தித்தான் நிற்குது' என்று சொல்கிறார்களே, அது பழுதில்லை, அந்தப் பொறுத்தல்தான். இரட்டைத் தட்டை வேகமாகவும் இல்லாமல் இழுத்தும் இல்லாமல், கதவில் 'டொக் டொக்' என்று தட்டுகிற அளவில் தட்டுங்கள். விரலின் நுனியால் வேண்டாம், நுனிக்குக் கீழே இருக்கிற சதையால், நடுவில். நகம் பட்டால் உணராது.

நகம் என்றதும் என் அம்மாவின் கதை ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, என் கூடப்பிறந்த தங்கச்சி பாரிஸிலிருந்து தொடுகை இயர்பட்ஸ் அனுப்பியிருந்தாள். அம்மா தட்டுவா, ஒன்றும் நடக்காது, இன்னும் பலமாகத் தட்டுவா, காதுக்குள் இடிக்கும், கழற்றி வைத்துவிடுவா. ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நாற்பது ஐம்பது வருடம் அடுப்படியில் வேலை செய்த விரல்கள், நுனித்தோல் தடித்துக் காய்ந்து போயிருந்தது, அதோடு அவ நகத்தால்தான் தட்டிக்கொண்டிருந்தா. காய்ந்த தடித்த தோலைத் தொடுகை உணரி சரியாக உணராது. விரலைக் கொஞ்சம் ஈரத்துணியில் ஒற்றிவிட்டுத் தட்டச் சொன்னேன், உடனே வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு கோலுக்கும் அப்படிச் செய்யச் சொல்ல முடியாதே. பட்டன் வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்து, செயலியில் இரண்டு பக்கமும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நசித்தால் கோல் எடுபடும், திரும்ப நசித்தால் வைபடும் என்ற ஒன்றை மட்டும் விட்டேன். நசிக்கும்போது 'கிளிக்' என்று விரலுக்குத் தெரிகிறது, அதுதான் அவவுக்கு வேண்டியிருந்தது. இப்போது தங்கச்சியோடு கதைத்துக்கொண்டே முற்றம் கூட்டுகிறா.

ஆகவே பட்டன் வாங்குவதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: பட்டன் வகை கெட்டதில்லை, பழையதுமில்லை. சொனியின் 2021 இன் சி500, 2023 இன் சி700என் இரண்டும் பட்டன்தான், பீட்ஸ் ஸ்டூடியோ பட்ஸும் பட்டன்தான். ஈரக்கையோடு வேலை செய்யும், துணி பட்டால் இயங்காது. குறை ஒன்றுதான், நசிக்கும்போது இயர்பட் காதுக்குள் தள்ளுப்படும், நாளடைவில் காது நோகும் என்று சிலர் சொல்வார்கள். அதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது: சுட்டுவிரலால் மட்டும் நசிக்காமல் பெருவிரலை இயர்பட்டின் கீழ்விளிம்பில் கொடுத்து, சுட்டுவிரலால் பட்டனை நசியுங்கள், பலம் காதுக்குள் போகாது. அது இரண்டு விரலுக்கு நடுவிலேயே நின்றுவிடும். இரண்டு நாளில் கை பழகிவிடும். வயலில், கடலில், அடுப்படியில் வேலை செய்கிற ஒருவர் கேட்டால் யோசிக்காமல் பட்டன் வகையைச் சொல்வேன். உங்களுக்கு முதலில் செற்றிங்ஸை மாற்றிப் பார்க்கலாம்.

கோல் கட்டாவதைத் தனியே பார்க்க வேண்டும். பாட்டு ஓடும்போது ஒரு பொருள், கோல் நடக்கும்போது அதே தட்டுக்கு வேறு பொருள், இதைப் பலர் கவனிப்பதில்லை. செயலியில் கோலுக்கு என்று தனிப் பகுதி இருந்தால் 'கோலை வை' என்பதை எடுத்துவிடுங்கள், எடுப்பதற்கு மட்டும் இயர்பட்ஸ், வைப்பதற்குப் போன். ரொறன்ரோவோடு அரை மணித்தியாலம் கதைக்கிற இடத்தில் கடைசியில் ஒரு தரம் போனைத் தொடுவது பெரிய வேலையில்லை. சாதாரண கோல் எல்லா இயர்பட்ஸிலும் எடுபடும். வட்ஸ்அப், வைபர் கோல்களை ஐபோனில் பிரச்சினையில்லாமல் எடுக்கலாம், 2016 இல் ஐஓஎஸ் 10 உடன் கோல்கிட் என்ற ஏற்பாடு வந்ததிலிருந்து வெளிச் செயலிகளின் கோலும் சாதாரண கோல் மாதிரியே நடத்தப்படுகிறது. அன்ட்ரொயிட்டில் போனுக்குப் போன் வித்தியாசம், மாமாவை ஒரு தரம் எடுக்கச் சொல்லிச் சோதித்துப் பாருங்கள்.

சூமில் குரல் கேட்காமல் போவது அனேகமாக மைக்கை மூடுகிற தட்டு. பல இயர்பட்ஸ் தங்கள் மைக்கைத் தாங்களே மூடிக்கொள்ளும், சூமுக்கு அது தெரியாது, திரையில் மைக் திறந்திருப்பதாகவே காட்டும். நீங்கள் பத்து நிமிடம் படிப்பித்த பிறகுதான் ஒரு பிள்ளை 'ரீச்சர் ஒன்றும் கேட்கேல்லை' என்று எழுதும். படிப்பிக்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது, மைக்கை மூடுகிற வேலையை இயர்பட்ஸிலிருந்து முழுதாக எடுத்துவிடுங்கள், சூம் திரையில் இருக்கிற பட்டன் மட்டும் போதும். ஒரே இடத்தில் இருந்தால் கண்ணால் பார்த்து நம்பலாம். மடிக்கணினி, போன் இரண்டோடும் ஒரே நேரம் இணைந்திருக்கிற வகை என்றால் வகுப்பு நேரத்தில் போனின் புளூடூத்தை நிறுத்திவையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் தட்டுகிற தட்டு எந்தச் சாதனத்துக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

செயலியே இல்லாத மலிவு இயர்பட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. அவற்றில் எந்தத் தட்டு என்ன செய்யும் என்பது சிப்பிலேயே எழுதி வந்துவிடும், மாற்ற வழியில்லை. ஆனால் போன் பக்கத்தில் சில கதவுகளை அடைக்கலாம். சாவகச்சேரியிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்தார், பெயர் தெரியாத மலிவு வகை ஒன்று, பட்டன் வைத்தது. ரொறன்ரோவில் இருக்கிற அவருடைய தம்பி கோபத்தில் இருக்கிறாராம், நடுச்சாமத்தில் கோல் வருகிறது, எடுத்தால் சந்தைச் சத்தம் மட்டும் கேட்கிறது. இவர் தான் எடுக்கவே இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். இருவரும் சொன்னது உண்மை. புளூடூத்தின் கோல் வசதியில் கடைசியாக எடுத்த இலக்கத்தைத் திரும்ப அழைக்கிற கட்டளை ஒன்று இருக்கிறது, பல மலிவு இயர்பட்ஸில் இரண்டு தரம் நசித்தால் அது போய்விடும். இவர் காலை 10 மணிக்கு வெங்காய மூட்டையைத் தோளில் ஏற்றும்போது மூட்டை காதில் உரசி நசிக்கிறது, அங்கே கோடைகாலத்தில் அப்போது இரவு 12.30. முதல் நாள் கடைசியாகக் கதைத்தது தம்பியோடுதான், கோல் அவருக்கே போகிறது. செய்தது ஒன்றுதான்: புளூடூத் செற்றிங்ஸில் அந்த இயர்பட்ஸின் பெயருக்குள் போய் 'போன் கோல்' என்ற ஆளியை நிறுத்தி, 'மீடியா' மட்டும் விட்டேன். அவருக்கு வேலை நேரத்தில் பாட்டு மட்டும்தான் தேவை, கோலைக் கையில் எடுத்துக் கதைக்கிறார். அதேபோல அழுத்திப் பிடித்தால் கூகிள் வந்து ஏதோ கேட்கிறது என்று கரைச்சல் படுகிறவர்கள் அன்ட்ரொயிட்டில் இயல்புநிலைச் செயலிகள் பகுதியில் டிஜிட்டல் உதவியாளர் என்பதை 'எதுவும் இல்லை' என்று வைத்தால் அந்தச் சத்தம் நிற்கும்.

எயர்பொட்ஸ் என்று நினைத்துப் போலியை வாங்கியவர்களும் இருக்கிறார்கள். ஐபோனில் மேலெழுகிற அந்தப் படமும் வரும், மெனுவும் தெரியும், ஆனால் பலவற்றில் மாற்றினது நிற்காது. 2022 இன் ஐஓஎஸ் 16 இலிருந்து, சரிபார்க்க முடியவில்லை என்று ஐபோனே எச்சரிக்கிறது.

ஸ்கூட்டி ஓடும்போது என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். ஓடும்போது போட வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன், இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஹெல்மெற்றுக்குள் இயர்பட் இருந்தால் எந்தச் செற்றிங்ஸும் முழுதாகக் காப்பாற்றாது, பின்னால் வருகிற பஸ்ஸின் சத்தமும் பிந்தித்தான் கேட்கும். சைக்கிளில் போகிறவர்கள் கட்டாயம் வேண்டும் என்றால் இடக்காதில் ஒன்று மட்டும் போடுங்கள், இங்கே நாங்கள் இடப்பக்கம் ஓடுகிறோம், முந்துகிற வாகனம் வலப்பக்கத்தால் வரும், அந்தக் காது திறந்திருக்க வேண்டும். வெளிக்கிடுவதற்கு முன் செயலியில் தொடுகை முழுவதையும் அடைத்துவிடுங்கள், பாட்டு ஓடட்டும், வீதியில் கை காதுக்குப் போகாது.

மாற்றி முடித்த பிறகு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். பாட்டை ஓடவிட்டு, தலையை இழுத்துக் கட்டுங்கள், அவிழுங்கள், முழுகிய துவாயைச் சுற்றுங்கள், ஹெல்மெற்றைப் பத்துத் தரம் போட்டுக் கழற்றுங்கள். பிறகு தோழி ஒருத்தியைக் கோல் எடுக்கச் சொல்லி அதே மாதிரி. எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அந்த இடத்துக்கு உரிய தட்டைத்தான் இன்னும் எடுக்க வேண்டும்.

அப்படியும் சரிவராவிட்டால் எனக்கு மாதிரி இலக்கம் வேண்டும். பெட்டியின் மூடிக்கு உள்ளே, அல்லது பெட்டியின் அடியில், சில வகைகளில் இயர்பட்டின் தண்டிலேயே மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, போன் கமராவால் கிட்ட வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் தெரியும், சாய்ந்த வெளிச்சத்தில் எடுங்கள். வெளிப்பெட்டியை மாமா எறியாமல் வைத்திருந்தால் இன்னும் நல்லது, அதில் பெரிதாகவே அடித்திருக்கும். இலக்கத்தை எழுதினீர்கள் என்றால் எந்தப் பக்கத்தில் எதைத் தொட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எழுதிவிடுகிறேன்.